வரலாறே வேண்டாம் என்ற இயக்கத்துக்கு ஒரு வரலாற்றுச் சங்கம்

கேள்வி இதுதான்: ஒரு கிறிஸ்தவ இயக்கத்தின் வரலாற்றைக் காப்பதற்கென்று தனியாக ஒரு சங்கம் எதற்கு? பழைய தாள்களைப் பெட்டியில் அடுக்கி வைப்பதற்கு மேல் அது என்னதான் செய்கிறது? பொதுவாகப் பதில் சொன்னால் அது எல்லாச் சபைகளுக்கும் பொருந்தும், யாருக்கும் உதவாது. ஆகையால் ஒரே ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1941-இல் தொடங்கப்பட்ட டிசைப்பிள்ஸ் ஆஃப் கிறைஸ்ட் ஹிஸ்டாரிக்கல் சொசைட்டி, அதாவது கிறிஸ்துவின் சீடர்கள் வரலாற்றுச் சங்கம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. வரலாறே தனக்குத் தேவையில்லை என்று சொல்லிப் பிறந்த ஓர் இயக்கத்தின் வரலாற்றைக் காப்பது இதன் பணி. அந்த முரணைப் புரிந்துகொண்டால் சங்கத்தின் வேலை முழுவதும் விளங்கிவிடும்.

இயக்கத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்டக்கி மாநிலத்தில் கேன் ரிட்ஜ் என்னும் இடத்தில் 1801 ஆகஸ்டில் பல நாள் நீடித்த எழுப்புதல் கூட்டம் ஒன்று நடந்தது. காட்டை அழித்துக் குடியேறிக்கொண்டிருந்த அந்தப் பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அந்த ஊர்ப் பிரெஸ்பிட்டேரியன் போதகர் பார்ட்டன் ஸ்டோன். அவரும் இன்னும் சில போதகர்களும் தங்கள் மேலமைப்போடு முரண்பட்டுத் தனியே ஓர் அமைப்பைத் தொடங்கி, ஓராண்டுக்குள், 1804 ஜூன் 28 அன்று, அதை அவர்களே கலைத்துவிட்டார்கள். கலைத்த விதம் விசித்திரமானது. அந்த அமைப்பு சாகும் தறுவாயில் எழுதி வைத்த உயில் என்ற பாவனையில் ஓர் ஆவணத்தை எழுதி ஆறு பேர் கையொப்பமிட்டார்கள். இந்த அமைப்பு மரித்து, கலைந்து, கிறிஸ்துவின் சரீரத்தோடு ஒன்றாகிவிட வேண்டும் என்பது அதன் முதல் விருப்பம். மற்ற அமைப்புகளும் வேதாகமத்தைக் கவனமாகப் படித்து, காலம் கடந்து போகுமுன் மரணத்துக்கு ஆயத்தமாக வேண்டும் என்பது கடைசி விருப்பம். குறும்பும் பக்தியும் கலந்த இப்படியோர் ஆவணம் திருச்சபை வரலாற்றில் அரிது.

மற்றொரு கிளை பென்சில்வேனியாவில் முளைத்தது. அயர்லாந்திலிருந்து 1807-இல் வந்த தாமஸ் கேம்ப்பெல் 1809-இல் வெளியிட்ட அறிக்கையும், வேதாகமம் பேசும் இடத்தில் நாங்கள் பேசுகிறோம், அது மௌனமாக இருக்கும் இடத்தில் நாங்களும் மௌனமாக இருக்கிறோம் என்ற அவருடைய வாக்கும் அதற்கு அடித்தளம். அவருடைய மகன் அலெக்சாண்டர் கேம்ப்பெல் எழுத்தாலும் வாதத்தாலும் அதைப் பெரிய இயக்கமாக்கினார். விசுவாசப் பிரமாணங்கள், பேராயர்கள், சபைப் பிரிவுப் பெயர்கள் எல்லாம் மனிதர் சேர்த்தவை. அவற்றை அகற்றிவிட்டு முதல் நூற்றாண்டுச் சபைக்குத் திரும்பினால் கிறிஸ்தவர்கள் அனைவரும் ஒன்றாகலாம் என்பது இரு கிளைகளுக்கும் பொதுவான நம்பிக்கை. 1831 முடிந்து 1832 பிறந்த அந்த வார இறுதியில் கென்டக்கியின் லெக்சிங்டன் நகரில் இரண்டும் இணைந்தன. ஸ்டோன்–கேம்ப்பெல் இயக்கம் என்று இன்று அறிஞர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இதைச் சேர்ந்தவர்களுக்குச் சீடர்கள் என்ற பெயரும் வழங்கியது.

இப்போது முரணுக்கு வருவோம். முதல் நூற்றாண்டுக்கும் தங்கள் காலத்துக்கும் இடையில் நடந்தவை பெரும்பாலும் வழிதவறல் என்று நம்பியவர்களுக்குத் தங்களுக்கென்று ஒரு வரலாறு இருப்பதே சங்கடம். வரலாறு உண்டென்றால் மரபு உண்டு; மரபு உண்டென்றால் தாங்களும் இன்னொரு சபைப் பிரிவுதான். ஆகவே தங்கள் பதிவுகளைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எளிதில் வரவில்லை. இதைவிட நடைமுறையான சிக்கல் ஒன்றும் இருந்தது. பேராயர் இருக்கும் சபையில் பேராயர் அலுவலகம் இருக்கும். அங்கே கடிதங்கள், நியமன உத்தரவுகள், சொத்துப் பத்திரங்கள், ஆண்டறிக்கைகள் தாமாகவே வந்து சேரும். இங்கே ஒவ்வொரு ஊர்ச் சபையும் தன்னாட்சி உடையது. மேலே அனுப்ப வேண்டும் என்றால், மேலே என்று யாருமே இல்லை.

அப்படியானால் வரலாறு எங்கே பதிவாயிற்று? அச்சுத்தாளில். சீடர்களுக்குப் பேராயர்கள் இல்லை, பத்திராதிபர்கள்தான் உண்டு என்று அந்த இயக்கத்தில் ஒரு பழமொழியே வழங்குகிறது. அலெக்சாண்டர் கேம்ப்பெல் 1823 முதல் 1830 வரை கிறிஸ்டியன் பாப்டிஸ்ட் என்ற இதழை நடத்தினார். 1830-இல் தொடங்கிய மில்லேனியல் ஹார்பிஞ்சர் அவர் 1866-இல் இறந்த பிறகும் 1870 வரை வந்தது. அவர் குடியிருந்த பெத்தனி என்ற சிற்றூரில் அச்சகமும் அவருடையது, தபால் அதிகாரியும் அவரே. இதழ் அனுப்புகிறவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! ஸ்டோன் தம் பங்குக்குக் கிறிஸ்டியன் மெசஞ்சரை 1826-இல் தொடங்கினார். பின்னாளில் நாஷ்வில் நகரிலிருந்து காஸ்பல் அட்வகேட், ஒஹாயோவிலிருந்து கிறிஸ்டியன் ஸ்டாண்டர்ட், செயின்ட் லூயியிலிருந்து கிறிஸ்டியன் எவாஞ்சலிஸ்ட் என்று இதழ்கள் பெருகின. எந்த ஊரில் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், எந்தப் போதகர் எங்கே மாறிப் போனார், யார் இறந்தார், யாருடைய உபதேசம் தவறு என்பதெல்லாம் வாரந்தோறும் அவற்றில்தான் வெளிவந்தன. மற்றச் சபைகளில் ஆவணக் காப்பகம் செய்த வேலையை இங்கே இதழ்களின் செய்திப் பத்திகள் செய்தன என்பது மிகையல்ல.

மிசௌரி மாநிலத்தின் கேன்டன் என்ற ஊரில் கல்வர்–ஸ்டாக்டன் என்ற சிறிய கல்லூரியின் நூலகராக இருந்த கிளாட் ஸ்பென்சர் இதைத் தெளிவாக உணர்ந்தவர். 1941-இல் செயின்ட் லூயியில் கூடிய பொதுமாநாட்டில் சங்கம் உருவானபோது அவரே அதன் முதல் காப்பாளரானார். அவர் முதலில் செய்தவை கண்ணைக் கவரும் வேலைகள் அல்ல, பட்டியல் போட்டார். இயக்கத்தின் இதழ்களுக்கு ஒரு பட்டியல், பிறகு 1946-இல் இயக்கத்தின் எழுத்தாளர்களுக்கு ஒரு பட்டியல். அந்த இரண்டாவது பட்டியலின் தலைப்பில் சீடர்கள் என்பதோடு, தொடர்புடைய சமயக் குழுக்கள் என்றும் சேர்த்திருந்தார். அந்தச் சில சொற்களின் எடை என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டியலுக்கு அடுத்தது பொருளடைவு. சங்கத்தின் மிகப் பெரிய சாதனை இதுதான் என்பது என் கருத்து. கட்டடங்கள்கூட இதற்கு அடுத்தபடிதான். 1863 முதல் 1958 வரையிலான கிறிஸ்டியன் எவாஞ்சலிஸ்ட் இதழுக்கு மூன்று தொகுதிகளில் ஒரு பொருளடைவு 1962-இல் வெளிவந்தது. 1866 முதல் 1966 வரையிலான கிறிஸ்டியன் ஸ்டாண்டர்டுக்கு ஆறு தொகுதிகளில் இன்னொன்று 1972-இல் வந்தது. ஒரு வார இதழின் நூறாண்டு என்றால் ஏறத்தாழ ஐயாயிரம் இதழ்கள். கணினி இல்லாத காலத்தில், ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, பெயர், ஊர், பொருள் என்று தலைப்பிட்டு, நாளும் பக்கமும் குறித்து, அகர வரிசையில் அடுக்க வேண்டும். இது எழுத்தர் வேலை போலத் தோன்றும். பாதி வேலை துப்பறிவது. சகோதரர் ஸ்மித் வந்து பிரசங்கித்தார் என்று ஒரு செய்தி இருந்தால், அது எந்த ஸ்மித்? அந்த வட்டாரத்தில் அப்போது எத்தனை ஸ்மித்துகள்? பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கடினம். கணவர் பெயரின் முதலெழுத்துகளுக்கு முன் திருமதி என்று சேர்த்து எழுதுவதே அக்கால வழக்கம் என்பதால், முப்பது ஆண்டு உழைத்த ஒரு பெண்ணின் சொந்தப் பெயரை அவருடைய இரங்கல் குறிப்பில்தான் முதன்முதலாகக் காண நேரும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். இயக்கத்தின் பெண்கள் 1874-இல் தாங்களே நிர்வகிக்கும் மிஷனெரிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு முன்கையெடுத்தவரைக் கேரலைன் நெவில் பியர் என்று இன்று முழுப்பெயரோடு சொல்ல முடிகிறது; அவரோடு உழைத்த எத்தனையோ பேர் முதலெழுத்துகளுக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள்.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1830-களின் இதழ்கள் கந்தல் துணிக்கூழில் செய்த தாளில் அச்சானவை; ஓரம் பழுப்பேறியிருந்தாலும் இன்றும் மடங்கும், விரியும். 1880-களுக்குப் பின் வந்தவை மரக்கூழ்த் தாள். அதிலேயே அமிலம் இருப்பதால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, விரல் பட்ட இடத்தில் பொரித்த அப்பளம்போல் நொறுங்கும். பழையது நிற்கிறது, புதியது உதிர்கிறது என்ற இந்தத் தலைகீழ் நிலைமை உலகின் எல்லா நூலகங்களுக்கும் பொதுவானது. ஆனால் வரலாறு முழுவதையும் வார இதழில் எழுதி வைத்த இயக்கத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. சங்கம் இதழ்களை நுண்படச் சுருளில் படம்பிடிக்க முன்வந்தது இதனால்தான். படம்பிடிக்குமுன் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் பிரதிகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் காணாத இதழ் வேறெங்கோ ஒரு போதகர் வீட்டுப் பரணில் இருக்கும்.

இத்தனை பாடுபட்டு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு லெக்சிங்டன் இணைப்பையே சொல்வேன். ரக்கூன் ஜான் ஸ்மித் என்று பட்டப்பெயர் பெற்ற போதகர், இனி நாம் கேம்ப்பெல்காரர்களும் அல்ல, ஸ்டோன்காரர்களும் அல்ல என்று உருக்கமாகப் பேசி முடித்ததும் ஸ்டோன் எழுந்து கைகொடுத்தார் என்பது அந்த இயக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்த காட்சி. அந்தப் பேச்சு இன்று நமக்குக் கிடைக்கும் வடிவம் 1870-இல் வந்த ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றில் உள்ளது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அதே நேரம், 1832 ஜனவரிக் கிறிஸ்டியன் மெசஞ்சரில் இணைப்பைப் பற்றிய சமகால அறிவிப்பு இருக்கிறது. அலெக்சாண்டர் கேம்ப்பெல் அந்தக் கூட்டத்துக்கு வரவே இல்லை. எது அன்றே எழுதப்பட்டது, எது நினைவில் மெருகேறிப் பின்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க இரண்டு தாள்களும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். அந்த மேசையைப் போட்டுக் கொடுப்பதே சங்கத்தின் வேலை. தீர்ப்பு சொல்வது அதன் வேலை அல்ல. 1804 உயிலும் அப்படித்தான். ஒற்றுமைக்கான சாசனமாகக் கொண்டாடப்படும் அந்த ஆவணத்தில் கையொப்பமிட்ட அறுவரில் இருவர் சில ஆண்டுகளில் ஷேக்கர்கள் என்ற, திருமணத்தை மறுத்துக் கூட்டாக வாழ்ந்த குழுவோடு சேர்ந்துவிட்டார்கள், இருவர் பிரெஸ்பிட்டேரியன் சபைக்கே திரும்பிவிட்டார்கள்.

இனி, தொடர்புடைய குழுக்கள் என்ற அந்தச் சொற்களுக்கு வருகிறேன். ஒற்றுமைக்காகத் தொடங்கிய இயக்கம் மூன்றாகப் பிரிந்தது. வழிபாட்டில் இசைக்கருவி கூடுமா, மிஷனெரிச் சங்கம் போன்ற அமைப்புகளை வேதாகமம் அனுமதிக்கிறதா என்ற வாதங்கள் உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வடக்கு, தெற்குக் கசப்போடு சேர்ந்து முற்றின. 1906-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சமயக் கணக்கெடுப்பில் சர்ச்சஸ் ஆஃப் கிறைஸ்ட் என்ற பிரிவு முதன்முறையாகத் தனியே எண்ணப்பட்டது: அவர்கள் ஏறத்தாழ 1,60,000 பேர், சீடர்கள் ஏறத்தாழ 9,80,000 பேர். இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு பிளவு ஏற்பட்டு, 1968-இல் சீடர்கள் தங்களை முறையான சபை அமைப்பாக மாற்றிக்கொண்டபோது சுயேச்சைக் கிறிஸ்தவச் சபைகள் முற்றிலும் விலகின. பிரிந்த மூவருக்கும் பூட்டன் பாட்டன் ஒருவரே. பாகப்பிரிவினை ஆன வீட்டில் தாய்ப்பத்திரம் யாரிடம் இருக்கும் என்பதில் எவ்வளவு சந்தேகம் வருமோ, அவ்வளவும் இங்கும் வந்திருக்கக்கூடும். பெயரில் சீடர்கள் என்று இருந்தாலும் மூன்று தரப்பாரின் எழுத்தையும் ஒரே அலமாரியில் வைப்பது என்று ஸ்பென்சர் தொடக்கத்திலேயே எடுத்த முடிவு அதனால்தான் முக்கியமானது. 1950-களின் தொடக்கத்தில் சங்கம் நாஷ்வில் நகருக்குப் போனதும் இதற்கு உதவியது. அது வழிபாட்டில் இசைக்கருவியை ஏற்காத சர்ச்சஸ் ஆஃப் கிறைஸ்ட் பிரிவின் கோட்டை. அங்கே 1958-இல் தாமஸ் பிலிப்ஸ் என்ற எண்ணெய்த் தொழிலதிபரின் நினைவாகச் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் போகத் தயங்கிய காலத்திலும், ஆய்வாளர்கள் அந்தப் படிப்பறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தொகுதியைப் புரட்ட முடிந்தது.

காக்கப்பட்டவற்றைப் பற்றி இவ்வளவு சொன்னபின், காக்கப்படாதவற்றையும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. கென்டக்கியின் மிட்வே என்ற ஊர்ச் சபையில் 1860-ஐ ஒட்டிப் போதகர் பிங்கர்ட்டன் பாட்டுக்குத் துணையாக மெலோடியன் என்ற சிறிய காற்றிசைப் பெட்டியைக் கொண்டுவந்தார். இந்த இயக்கத்தின் ஆலயத்துக்குள் இசைக்கருவி வந்ததற்கான மிகப் பிரபலமான பழைய சான்று அது. பொறுக்காத மூப்பர் ஒருவர் இரவோடிரவாகத் தம் அடிமை ஒருவரை ஜன்னல் வழியாக உள்ளே ஏறச் செய்து, பெட்டியை வெளியே வாங்கி வண்டியில் எடுத்துப் போய்விட்டார் என்பது அங்கு வழங்கும் செய்தி. சபையார் வேறொரு மெலோடியனை வாங்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. போதகரின் படிப்பும் வாழ்க்கையும் எழுத்தில் இருக்கின்றன. மூப்பரின் பெயர் முழுமையாக இருக்கிறது. ஜன்னலில் ஏறியவரைப் பற்றி ரூபன் என்ற ஒற்றைப் பெயருக்கு மேல் கதையில் எதுவும் இல்லை. எந்தச் சங்கம் முயன்றாலும், எழுதப்படாததைக் காப்பகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவர் பார்வையில் அவர் ஒரு ஆளாகவே படவில்லை.

ஆகவே கறுப்பினச் சபைகள் தாங்களே உண்டாக்கிய பதிவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அடிமையாகப் பிறந்து, நாஷ்வில் நகரில் போதகராகவும், அடக்கச் சடங்குத் தொழில் நடத்துபவராகவும், கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தை நிறுவியவராகவும் உயர்ந்த பிரெஸ்டன் டெய்லரின் தலைமையில் 1917-இல் கறுப்பினச் சீடர்களின் தேசிய மாநாடு அதே நகரில் கூடியது. அந்த மாநாட்டு நடவடிக்கைக் குறிப்புகள் இல்லையென்றால் அவர்கள் வரலாறும் வெள்ளையர் இதழ்களில் வந்த சில வரித் துணுக்குகளாகவே நின்றிருக்கும். இந்தியாவுக்கும் இது பொருந்தும். இயக்கத்தின் மிஷனெரிகள் 1882-இல் இந்தியாவுக்கு வந்து, மத்திய மாகாணத்தின் ஹர்தாவில் வேலை தொடங்கினார்கள். அந்தச் சபைகள் 1970-இல் வட இந்தியத் திருச்சபையோடு இணைந்தன. ஊழியத்தைப் பற்றிய கடிதங்களும் புகைப்படங்களும் அமெரிக்காவுக்குப் போயின, ஆங்கிலத்தில், ஆதரவாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவையாக. ஹர்தாவிலோ பிலாஸ்பூரிலோ இருக்கும் ஒரு குடும்பம் தன் முப்பாட்டியைத் தேடினால், அனாதை இல்லத்துச் சிறுமிகள் என்ற பொதுப் பெயருக்குக் கீழே வரிசையாக நிற்கும் முகங்களில் ஒன்றாகத்தான் அவரைக் காண நேரலாம்.

கட்டடத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். நாஷ்வில் கட்டடம் அழகானதுதான். ஆனால் கல் கட்டடம் தானாக நிற்பதில்லை. கூரை, குளிரூட்டல், ஈரப்பதக் கட்டுப்பாடு எல்லாம் ஆண்டுதோறும் கேட்கும் செலவுகள். ஆதரிக்கும் சபைகளின் உறுப்பினர் எண்ணிக்கையோ பல பத்தாண்டுகளாகக் குறைந்துவருகிறது. சங்கம் 2016-இல் மேற்கு வெர்ஜீனியாவின் பெத்தனிக்கு இடம் மாறியது. கேம்ப்பெல் இதழ் அச்சிட்டு, 1840-இல் கல்லூரி நிறுவி, கடைசியில் அடக்கமும் செய்யப்பட்ட அதே சிற்றூர். பொருத்தமான இடம் என்பதில் ஐயமில்லை; நாஷ்வில் போல விமானத்தில் இறங்கி எளிதாகப் போகக்கூடிய இடம் அல்ல என்பதும் உண்மை. ஆய்வாளர்களுக்கு இது சிரமம்தான்; ஆனாலும் செங்கல்லைக் காப்பாற்றத் தாளைப் பட்டினி போடுவதைவிட இது மேல் என்றே நான் நினைக்கிறேன்.

இன்று இத்தகைய சங்கத்தின் கதவைத் தட்டும் வேலை பெரும்பாலும் மூடப்படும் சபைகளிலிருந்து வருகிறது. நூறு, நூற்றைம்பது ஆண்டு இருந்த ஊர்ச் சபையில் பத்துப் பதினைந்து முதியவர்களே மிஞ்சி, ஆலயத்தை விற்றுவிட முடிவு செய்தபின், யாருக்காவது வேண்டுமா என்று ஓர் அட்டைப்பெட்டி வந்து சேரும். அதில் மூப்பர் கூட்டக் குறிப்பு நோட்டு, ஞானஸ்நானப் பதிவேடு, பெண்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகம், ஆண்டுவிழா மலர், பெயர் எழுதாத புகைப்படங்கள். முதல் வேலை துருப்பிடித்த குண்டூசிகளையும் ரப்பர் வளையங்களையும் எடுப்பது. அடுத்தது அமிலமற்ற உறைகளில் மாற்றுவது. பிறகு, என்ன இருக்கிறது என்று வெளியே தெரியும்படி ஒரு விவரப் பட்டியல் எழுதுவது. மூன்றாவது வேலைதான் அதிக நேரம் எடுக்கும், பட்டியல் இல்லாத பெட்டி இருந்தும் இல்லாதது போலத்தான். புகைப்படங்களை மட்டும் பெட்டி கட்டுமுன்பே பார்க்கச் சொல்வது வழக்கம். அந்தப் பதினைந்து பேரில் நினைவு நன்றாக உள்ள ஒருவரை உட்காரவைத்து, முதல் வரிசையில் இடமிருந்து வலமாக யார் யார் என்று கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வாங்க வேண்டும்.